வாசலுக்கு வெளியே கரண்ட்: ஜங்ஷன் பாக்ஸ், ஒயர் டிரம், ஆர்சிபிஓ பெட்டி

"அண்ணே, வாசல்ல வச்சு காரு கழுவணும். நல்ல ஜங்ஷன் பாக்ஸா ஒண்ணு குடுங்க." எலக்ட்ரிக்கல் கடையில் இப்படிக் கேட்டால் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிதான். நாலு சாக்கெட், நாலு சுவிட்ச், ஒரு சிவப்பு லைட், நாலு மீட்டர் ஒயர். "தண்ணி பட்டா?" என்று கேட்டால், "எம்சிபி இருக்கு சார், பட்டுனு விழுந்துரும்" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. எம்சிபி என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அது எதற்கு விழும், எதற்கு விழாது என்பது அவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒரே அளவுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் இருக்கும் பிளக் பாயின்ட்டிலிருந்து வாசலுக்கும் தோட்டத்துக்கும் மொட்டைமாடிக்கும் கரண்ட் கொண்டுபோக மூன்று பொருள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன வெள்ளைப் பெட்டி. இரண்டாவது, கைப்பிடி வைத்த 30 மீட்டர் ஒயர் டிரம். மூன்றாவது ரெடிமேடாக எளிதில் கிடைக்காது. பாகங்களை வாங்கிக்கொடுத்து எலக்ட்ரீஷியனிடம் கட்டச் சொல்ல வேண்டிய ஆர்சிபிஓ பெட்டி, அதாவது மின்கசிவைக் கண்டாலும் தானாக விழும் சுவிட்ச் வைத்த பெட்டி. மூன்றையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்தே பார்ப்போம். பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே பிராண்டில் முக்கால் ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர்) ஒயர் போட்ட மாடலும் உண்டு, ஒன்றரை ஸ்கொயர் போட்ட மாடலும் உண்டு. பெயரைப் பார்த்து வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. நனைந்த கை, ஈரத் தரை, வெறுங்கால் என்றால் உடம்பின் மின்தடையைச் சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் போகும், அதாவது கால் ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரி. நாள் முழுக்க ஓடினாலும் விழாது. ஆனால் மனிதனுக்கு 10 மில்லி ஆம்பியர் வாக்கில் போனாலே தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, இதயத் துடிப்பே குலையும். எம்சிபி ஒயரைக் காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற வந்தது ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் ரகத்தில் வித்தியாசம் 15-ஐத் தாண்டிய பிறகு எப்போது வேண்டுமானாலும் விழலாம். 30-ஐத் தொட்டால் 0.3 நொடிக்குள்ளும், 150-ஐத் தாண்டினால் 0.04 நொடிக்குள்ளும் விழுந்தே ஆக வேண்டும். ஷாக்கே அடிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபிக்கும் ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்பு.

இனி அந்த வெள்ளைப் பெட்டி. அடியில் உள்ள நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால், நாலு சாக்கெட்டையும் நீளமாக இணைக்கிற மூன்று பித்தளைத் தகடுகள், ஒயரை அவற்றோடு சேர்க்கும் மூன்று ஈயப்பற்று, விலை கூடின மாடல் என்றால் நீலக் காசு மாதிரி ஒன்றிரண்டு வேரிஸ்டர், இவ்வளவுதான். அந்த நீலக் காசு திடீர் வோல்டேஜ் ஏற்றத்திலிருந்து டிவியைக் காக்கும், ஈரக்கையைக் காக்காது. 'எம்சிபி' என்று கடையில் சொல்லப்படுவது பல பெட்டிகளில் எம்சிபியே அல்ல. சூடேறினால் வெளியே தள்ளிக்கொள்ளும் கருப்புப் பொத்தான். ஓவர்லோடுக்கு மட்டும், அதுவும் மெதுவாக.

கெட்டது அதோடு முடியவில்லை. ஐந்து விதமான டாப்பையும் (ஒயர் முனையில் உள்ள பிளக்) ஏற்கும் யுனிவர்சல் சாக்கெட் இந்தப் பெட்டிகளில்தான் அதிகம். வெளிநாட்டு மெஷினோடு வரும் தடித்த உருண்டை இரண்டு பின் டாப் அதில் அழகாக இறங்கும். அந்த டாப்பில் எர்த் என்பது பக்கவாட்டில் இருக்கும் பித்தளைப் பட்டை. நம் சாக்கெட்டில் அதைத் தொட எதுவும் கிடையாது. மெஷின் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. அந்த மெஷினுக்கு ஐஎஸ் 1293 முத்திரை உள்ள மூன்று பின் டாப் மாற்றிப் போட வேண்டும். சாக்கெட் ஓட்டைகள் வானத்தைப் பார்த்திருக்கும் பெட்டியைத் தரையில் வைத்தால் பிரஷர் வாஷர் தெளிக்கும் தண்ணீர் நேராக உள்ளே போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேரிபேக் சுற்றிக் கட்டுவதும் பயன் தராது. கீழே ஒரு ஓட்டை இல்லாத பை, தண்ணீரைச் சேர்த்து வைக்கிற பை. ஹாலில் லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் இந்தப் பெட்டி போதும். வாசற்படி தாண்டக் கூடாது.

ஒயர் டிரம்மில் பார்க்க நிறைய இருக்கிறது. தோற்றத்தில் இது வெளிவேலைக்காகவே பிறந்த பொருள்: கருப்பு அல்லது ஆரஞ்சு டிரம், இரும்புக் கால், முகப்பில் மூடி வைத்த மூன்று அல்லது நாலு சாக்கெட். ஒயர்தான் அதன் உயிர், ஏமாற்றுவதும் அங்கேதான். முதல் வேலை, ஒயரின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. 'மூன்று கோர், ஒன்றரை ஸ்கொயர், 1100 வோல்ட், ஐஎஸ் 694' என்கிற மாதிரி இருக்க வேண்டும். அச்சே இல்லாத ஒயர் என்றால் டிரம்மைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று பின் சாக்கெட் வைத்துவிட்டு உள்ளே இரண்டு கோர் ஒயர் ஓட்டிய டிரம்களும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் மேல் ஓட்டை அலங்காரத்துக்கு.

அச்சை நம்பாமல் அளந்து பார்க்கவும் வழி உண்டு. டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதாவது எதிலும் சொருகாமல், மல்டிமீட்டரை ஓம் வரிசையில் வைத்து ஒரு முனையை டாப்பின் எர்த் பின்னிலும் இன்னொரு முனையை டிரம் சாக்கெட்டின் எர்த் ஓட்டையிலும் வையுங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். 30 மீட்டர் செம்பு ஒயருக்கு மிச்சம் இப்படி இருக்கும்: ரெண்டரை ஸ்கொயர் என்றால் 0.24 ஓம், ஒன்றரை என்றால் 0.4, ஒரு ஸ்கொயர் என்றால் 0.6, முக்கால் என்றால் 0.8 பக்கம். ஒன்றரை என்று அச்சிட்டு மீட்டர் 0.6-க்கு மேல் காட்டினால் இரண்டில் ஒன்று: கனம் குறைவு, இல்லாவிட்டால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் என்றால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறும். நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும். எர்த் ஓட்டையில் வைத்தபோது மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் அது அந்த இரண்டு கோர் டிரம்.

முக்கால் ஸ்கொயரா ஒன்றரையா என்பதில் என்ன அவ்வளவு? 1800 வாட் பிரஷர் வாஷர் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். முக்கால் ஸ்கொயர் ஒயர் 30 மீட்டர் போய் 30 மீட்டர் திரும்பும்போது 1.56 ஓம், 8 ஆம்பியருக்குப் பன்னிரண்டரை வோல்ட் போய்விடும். ஒன்றரையில் ஆறரை வோல்ட்தான் போகும். ஓடும்போது இது பெரிதில்லை. ஒரு குதிரைத்திறன் பம்ப் கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது முக்கால் ஸ்கொயர் டிரம்மிலேயே 47 வோல்ட் விழுந்துவிடும். மோட்டார் சுழலக் கிளம்பும் வலு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்பதும், "கெப்பாசிட்டர் போச்சு" என்று புதுக் கெப்பாசிட்டர் மாற்றுவதும் பல இடங்களில் இதனால்தான்.

இதைவிட மோசமான இன்னொன்று யார் கண்ணிலும் படாது. டிரம்மின் கடைசியில் ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டி ஷார்ட் ஆகிறது என்று வையுங்கள். எம்சிபி உடனே விழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சி16 எம்சிபி (16 ஆம்பியர், மோட்டார் கிளம்பும் இழுவையைப் பொறுத்துக்கொள்ளும் சி வளைவு ரகம்) கண் இமைக்கும் நேரத்தில் விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். நிச்சயமாக விழ வேண்டும் என்றால் 160. வீட்டு ஒயரிங்கும் தெருக்கம்பமும் சேர்த்து 0.6 ஓம், முக்கால் ஸ்கொயர் டிரம் 1.56 ஓம், மொத்தம் 2.16. 230-ஐ 2.16-ஆல் வகுத்தால் 106 ஆம்பியர். எம்சிபி உடனே விழலாம், விழாமலும் போகலாம். விழாவிட்டால் அடுத்த சில நொடிகள் அந்த மெல்லிய ஒயர் 106 ஆம்பியரைச் சுமக்கும். ஒன்றரை ஸ்கொயரில் கணக்கு 164 ஆம்பியர், எல்லைக்கோட்டில் தப்பிக்கிறது. ரெண்டரையில் 213, கவலை இல்லை. ஆக 30 மீட்டர் டிரம்முக்கு ஒன்றரை ஸ்கொயர் குறைந்தபட்சம். பம்ப், கட்டர், வெல்டிங் என்றால் ரெண்டரை.

டிரம்மைச் சுற்றியபடியே ஓட்டுவதும் தப்பு. நாலு மீட்டர் தேவைப்பட்டாலும் முப்பது மீட்டரையும் அவிழ்த்துப் போட வேண்டும். சுருண்ட ஒயரின் உள்ளடுக்குக்குக் காற்றுப் படாது. 8 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் வெளியடுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளடுக்கில் பிவிசி இளகிப்போயிருக்கலாம். நல்ல டிரம்மில் சுற்றிய நிலையில் இத்தனை வாட், அவிழ்த்த நிலையில் இத்தனை வாட் என்று இரண்டு எண் ஸ்டிக்கரில் இருக்கும். ஒரே எண்தான் இருக்கிறது என்றால் அது அவிழ்த்த நிலைக்கான எண் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. சூடேறினால் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உள்ள டிரம் கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுக்கலாம்.

டிரம் முகப்பிலேயே ஆர்சிசிபி வைத்த மாடலும் இருக்கிறது. பார்த்தவுடன் "இதுதான் வேணும்" என்று தோன்றும். வேண்டாம் என்று சொல்லமாட்டோம், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் தப்பு. டாப்பை வீட்டுக்குள் சொருகிவிட்டு டிரம்மைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போகிறோம். ஆர்சிசிபி டிரம்மோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் புல்லில் கிடக்கும் 30 மீட்டர் ஒயருக்குக் காவல் இல்லை. அரிவாளோ ஹெட்ஜ் டிரிம்மரோ வெட்டுவதும், கார் சக்கரம் நசுக்குவதும், மூட்டுப் போட்ட இடத்தில் தண்ணீர் தேங்குவதும் அந்த 30 மீட்டரில்தானே. ஆர்சிசிபி தனக்கு அப்பால் நடப்பதைத்தான் பார்க்கும், முன்னால் நடப்பதைப் பார்க்காது. வீட்டு மெயினில் ஏற்கெனவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்து, வெளியே எடுக்கும் பாயின்ட் அதன் வழியாகத்தான் வருகிறது என்றால் இந்தக் குறை அடிபட்டுப்போகும். இன்வெர்ட்டர் லைனைத் தனியாக இழுத்த வீடுகளில் அந்தப் பாயின்ட் ஆர்சிசிபிக்கு வெளியே இருக்கலாம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழவைத்துவிட்டு, பாயின்ட்டில் கரண்ட் நிற்கிறதா என்று ஒரு விளக்கைச் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுவர் சாக்கெட்டில் நேராகச் சொருகும் ஆர்சிடி அடாப்டர் (ஆர்சிசிபி செய்யும் அதே வேலை) ஆன்லைனில் வருகிறது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு நல்ல யோசனைதான், இடமும் சரி. ஒரே கவனம்: இவற்றில் பல எலக்ட்ரானிக் ரகம். உள்ளே இருக்கும் சர்க்யூட் வேலை செய்ய ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். நியூட்ரல் அறுந்து ஃபேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் சில மாடல்கள் விழாமல் நின்றுவிடும். கரண்ட் போனாலே தானாக விழுந்துவிட்டு, திரும்பி வந்ததும் கையால் ரீசெட் கேட்கிற மாடலைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஓட்டை அடைபடும். மீன்தொட்டிக்கு அது தொல்லை, கட்டர் மெஷினுக்கு அதுதான் நல்லது.

இனி மூன்றாவது, ஆர்சிபிஓ பெட்டி. ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒரே உடம்பில் இருப்பதுதான் ஆர்சிபிஓ. இரண்டு போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), 16 ஆம்பியர், சி வளைவு, 30 மில்லி ஆம்பியர். அது கிடைக்காத ஊரில் 25 ஆம்பியர் இரண்டு போல் ஆர்சிசிபி ஒன்றும் சி16 இரண்டு போல் எம்சிபி ஒன்றும் சேர்த்துப் போட்டால் அதே வேலை. நாலு மாட்யூல் இடம் பிடிக்கும். ஆர்சிசிபி தனியாக ஓவர்லோடைப் பார்க்காது என்பதால் எம்சிபியை விட்டுவிட முடியாது. முகப்பில் சதுரத்துக்குள் ஒற்றை அலை மட்டும் வரைந்திருந்தால் ஏசி டைப், அலைக்குக் கீழே பாதி அலைகளும் இருந்தால் ஏ டைப். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரில், எலக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ள வாஷர் எல்லாம் இன்று சாதாரணம். இவற்றின் கசிவு பாதி அலையாக வந்தால் ஏசி டைப் கவனிக்காமல் விடலாம். ஆகவே ஏ டைப் வாங்குங்கள்.

பாகங்கள் மிச்சம் இவ்வளவு: கண்ணாடிக் கதவு வைத்த நாலு மாட்யூல் ஐபி65 (ஐபி எண் தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு) பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பேனல் சாக்கெட் ஒன்று, அதற்கேற்ற டாப் ஒன்று, வீட்டுக்குள் சொருக 16 ஆம்பியர் மூன்று பின் ரப்பர் டாப் ஒன்று, ரெண்டரை ஸ்கொயர் மூன்று கோர் ஒயர் ஒன்றரை மீட்டர், பிஜி16 கிளாண்ட் ஒன்று. அந்த கிளாண்ட் 10 முதல் 14 மில்லிமீட்டர் கனமுள்ள ஒயரைப் பிடிக்கும், அதனால் ஒயரின் வெளி விட்டத்தை அளந்துவிட்டு வாங்குவது நல்லது. ஒயர் பிவிசியா ரப்பரா என்றால் வெயிலில் கிடக்கப்போவதற்கு ரப்பர். பிவிசி நம் வெயிலில் முறுகிப் பிளக்கும். ஐஎஸ் 9968 ரப்பர் ஒயர் வளைந்து கொடுக்கும்.

ஒயர் ஒன்றரை மீட்டர்தான். இந்தப் பெட்டியின் சூட்சுமமே அந்தச் சிறு நீளம்தான். பெட்டி தோட்டத்துக்குப் போகாது, திண்ணையிலோ வராந்தாவிலோ கூரைக்குக் கீழேயே நிற்கும். அங்கிருந்து கிளம்பும் டிரம் ஒயர், அதன் கடைசியில் இருக்கும் மெஷின், நடுவில் வெட்டுப்படக்கூடிய ஒவ்வொரு அங்குலமும் ஆர்சிபிஓவின் பார்வைக்குள் வந்துவிடும். டிரம்மின் பழைய டாப்பை வெட்டி எறிந்துவிட்டு நீல டாப்பை அதில் பூட்டிவிட வேண்டும். இதில் இன்னொரு நன்மை, அந்த டிரம் இனி வீட்டின் வேறெந்தப் பாயின்ட்டிலும் நுழையாது. அவசரத்தில் யாராவது பெட்டியைத் தாண்டி நேராகச் சொருகும் வழியே அடைந்துபோகிறது.

சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டை ஐபி65 பெட்டியில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மூடி மூடியிருக்கும் வரை போதும். டாப்பைச் சொருகியதும் பெரும்பாலான மூடிகள் டாப்பின் முதுகில் மோதிப் பாதி திறந்தபடி நிற்கும். அந்த நிமிடமே பெட்டியில் அச்சடித்த ஐபி எண் செல்லாது. நீல இண்டஸ்ட்ரியல் ஜோடியில் சாக்கெட் மூடியே டாப்பைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும், சொருகிய நிலையிலும் ஐபி44. திருகி இறுக்கும் வளையம் உள்ள ரகம் ஐபி67. திண்ணைக்கு 44 போதும். டிரம் முகப்பில் இருக்கும் சாக்கெட்டுகளுக்கும் இதே சோதனை: கடையிலேயே ஒரு டாப்பைச் சொருகி, மூடியை மூடிப் பாருங்கள். மூடவில்லையென்றால் டிரம்மை ஒரு ஸ்டூல்மேல், சாக்கெட் பக்கவாட்டில் பார்க்கும்படி, தெறிப்புக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். சுவரில் மாட்டும் பெட்டி என்றால் ஒயர் கீழிருந்து மேலேறி உள்ளே நுழைய வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

கட்டும்போது எலக்ட்ரீஷியன் கையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. மென்கம்பி ஒயரின் நுனியை முறுக்கி அப்படியே ஸ்க்ரூவுக்குள் திணிப்பது வழக்கம். சிலர் ஈயம் பற்றவைத்துத் திணிப்பார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்லத் தளர்ந்து கொடுக்கும், நாளாக நாளாக ஸ்க்ரூ லூசாகி அங்கே சூடேறும். நுனியில் பின் லக் என்ற சிறு உலோக முனையைப் போட்டு கிரிம்ப் செய்வதுதான், அதாவது அழுத்தி நசுக்கிப் பிடிக்கவைப்பதுதான் முறை. டாப்புக்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட மூன்று சென்டிமீட்டர் நீளமாக விட வேண்டும். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் முதலில் பிடுங்கிக்கொள்வது ஃபேஸாகவும் கடைசியில் எர்த்தாகவும் இருக்கட்டும். மேலுறை டாப்பின் கிளாம்ப்புக்குள் போய் இறுகியிருக்க வேண்டும். உள் ஒயர்கள் வெளியே தெரிந்தால் அந்த டாப்பைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல்.

ஆர்சிபிஓ இருந்தால் எர்த் எதற்கு? எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிபிஓ விழும், ஆனால் நீங்கள் தொட்ட பிறகு விழும். எர்த் இருந்தால், மெஷின் உடம்பில் கசிவு வந்த கணமே, யாரும் தொடும் முன்பே விழும். தோட்டத்து எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்தால் கசிவு கரண்ட் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையாது. பம்ப்பின் உடம்பு முழு வோல்டேஜோடு அப்படியே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓவுக்கு அந்தப் பதினொன்றரை ஆம்பியர் வேண்டியதைவிட முந்நூறு மடங்குக்கும் மேல். இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, "பளிச்சுனு எரியுது, எர்த் சூப்பர்" என்று முடித்துவிடுவது இங்கே பழக்கம். எரியும் 100 வாட் பல்பின் தடை 529 ஓம். எர்த் 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எர்த் அறுந்த வீட்டில் இதைச் செய்தால் எர்த்தோடு இணைந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பெல்லாம் பல்பு வழியாக ஃபேஸ் ஏறும். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரை வரவழைத்து அளப்பதுதான் வழி. ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டனும் எர்த்தைச் சோதிக்காது. அது உள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிப் பொறி விழுகிறதா என்று மட்டும் பார்க்கும்.

எர்த் இல்லாத பழைய வீடுகளில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. டெஸ்டர் எரியாது, மெஷின் ஓடும், எல்லாம் சரி மாதிரி தெரியும். தெருக்கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் விட்டுப்போன அன்று, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் வழியாகவே அதன் இரும்பு உடம்புக்கு 230 வோல்ட் வந்து நிற்கும். இந்த இணைப்பு ஆர்சிபிஓவுக்கு அப்பால் இருந்தால் லோடு போட்டவுடன் பெட்டி விழலாம். ஆர்சிபிஓவைக் குறை சொல்லிக் கழற்றிவிடுவதற்கு முன் இந்தத் துண்டு ஒயரைத் தேடுங்கள்.

பெட்டி அடிக்கடி விழுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரீசெட் செய்து ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும். டிரம்மை மட்டும் சொருகினாலே விழுந்தால் ஒயரில் ஈரம், அல்லது மூட்டு. கருப்பு இன்சுலேஷன் டேப் போட்ட மூட்டு தண்ணீரை நிறுத்தாது. நடுவில் மூட்டுள்ள டிரம் ஒயரை வெளிவேலைக்குப் பயன்படுத்தவே கூடாது, அந்த இடத்தில் வெட்டிச் சிறியதாக்கிக்கொள்ளலாம். மெஷினில் சுவிட்ச் ஆஃப், ஆனாலும் விழுகிறது என்றால் நியூட்ரல் எங்கோ உடம்பைத் தொடுகிறது. ஒற்றைப் போல் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தானே துண்டிக்கிறது. கழுவி வைத்த வெட் கிரைண்டர் மறுநாள் விழவைத்தால் மோட்டாரில் ஈரம் ஏறியிருக்கிறது. வெயிலில் காயவைத்து இன்சுலேஷன் அளந்த பிறகே ஓட்ட வேண்டும்.

சதுரத்துக்குள் சதுரம் போட்ட மெஷின்கள் இரட்டை இன்சுலேஷன் ரகம், டாப்பில் எர்த் இருக்காது. டிரில், டிரிம்மர், பல வாஷர்கள் இந்த வகை. உலர்ந்திருக்கும் வரை பாதுகாப்பானவை. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் கசிவு போக எர்த் வழி இல்லாததால் ஆர்சிபிஓ உங்கள் உடம்பு வழியாகத்தான் விழும். வாஷரைத் தண்ணீரால் கழுவாதீர்கள். ரப்பர் செருப்பு இருக்கிறதே என்பதும் ஈரத்தில் எடுபடாது.

பந்தல்காரர்களுக்கு இந்தப் பெட்டி பாதிதான் பயன். மின்வாரிய லைனில் அருமையாக வேலை செய்யும். ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் செய்யாமல் ஓட்டினால், கசிந்த கரண்ட் திரும்பிப் போக வழியே இல்லாததால் முதல் கோளாறை ஆர்சிபிஓ கண்டுகொள்ளாது. ஜெனரேட்டரிலேயே நியூட்ரலை எர்த் கம்பியோடு இணைத்து, அதற்குப் பிறகு ஆர்சிபிஓ வர வேண்டும். இது ஜெனரேட்டரை ஓட்டுகிறவரின் வேலை, கேட்டு வாங்க வேண்டியது நீங்கள். தகரப் பந்தலின் இரும்புக் காலில் சீரியல் செட்டை நேராகச் சுற்றாமல் மூங்கிலில் கட்டச் சொல்வதும் அப்படித்தான். அந்த மெல்லிய ஒயருக்கு மேலுறையே கிடையாது, தகர விளிம்பு ஒரே இரவில் தேய்த்துவிடும்.

ஆக, வெள்ளைப் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். ஒன்றரை ஸ்கொயருக்குக் குறையாத மூன்று கோர் டிரம் வாங்கலாம், ஆனால் திண்ணையில் ஆர்சிபிஓ பெட்டி வைக்காமல் அதை வெளியே எடுக்க வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் முதலில் பெட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள், டிரம்முக்குப் பதில் அதே ரெண்டரை ஸ்கொயர் ரப்பர் ஒயர் பத்து மீட்டர் போதும்.

கடையில் "ஆர்சிசிபி ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டால் 100 மில்லி ஆம்பியரும் வரும், 300-உம் வரும். 30, 100, 300 மூன்றும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். 100, 300 எல்லாம் தீ விபத்துத் தடுப்புக்கு, தொடும் ஆளுக்கு அல்ல. முகப்பில் 0.03 ஆம்பியர் என்ற எண்ணையும் ஐஎஸ் 12640 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.